எலிக்குக் கொடுத்த அளவையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலிகளுக்குக் கதிர்வீச்சாலும் ரசாயனத்தாலும் உண்டாக்கப்பட்ட மார்பகப் புற்றுநோயில், செல்களின் வளர்ச்சியை நடத்தும் சமிக்ஞை மரபணுக்கள் எவ்வாறு சீர்கெடுகின்றன என்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் பாராட்டு. ஆனால் அந்தக் கட்டுரை வந்த வாரத்திலேயே, மருத்துவர் எழுதிக்கொடுத்த மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-கதிர்ப் பரிசோதனையை ‘எலிக்கே புற்றுநோய் வந்துவிட்டதாமே’ என்று சொல்லித் தள்ளிப்போட்ட இரண்டு பெண்களை என் தெருவிலேயே கண்டேன். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கட்டுரை சொன்னவற்றுள் எது சரி, எது அந்த ஆய்வுகளிலிருந்து பெறவே முடியாத முடிவு என்பதை எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

கட்டுரையின் வாதம் இரண்டு படிகளில் அமைந்திருந்தது. கதிர்வீச்சும் ரசாயனமும் ஒரே மரபணுக்களை ஒரே விதமாகக் கெடுக்கின்றன என்பது முதற்படி. ஆகவே மேமோகிராம் உட்பட எக்ஸ்-கதிர் எந்த அளவில் பட்டாலும் அது அந்த ரசாயனங்களைப் போன்ற நஞ்சே என்பது இரண்டாம் படி. அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் எலி ஆய்வுகள் முதற்படிக்கு ஏறக்குறைய நேர்மாறான செய்தியையே சொல்கின்றன. இரண்டாவதைப் பற்றி அவை சொல்லக்கூடியது மிகக் குறைவு.

இந்த ஆய்வு முறையின் தொடக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் (ஹார்மோன் வழியாகப் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை கண்டதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றவர்) தம் குழுவினருடன் 1961-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார். ஸ்ப்ரேக்-டாலி வகைப் பெண் எலிக்கு ஏறத்தாழ 50 நாள் வயதாகும்போது, டி.எம்.பி.ஏ. என்னும் ஹைட்ரோகார்பனில் 20 மில்லிகிராமை நல்லெண்ணெயில் கரைத்து, குழாய் வழியாக வயிற்றுக்குள் ஒரே ஒரு முறை செலுத்துவார்கள். அதற்குப் பிறகு வாரந்தோறும் எலியைக் கையில் பிடித்து, கழுத்தடியிலிருந்து தொடையிடுக்கு வரை இரு வரிசையாக அமைந்துள்ள பன்னிரண்டு பால்சுரப்பிகளையும் ஒவ்வொன்றாக விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள். சில மில்லிமீட்டர் அளவில் ஏதேனும் தட்டுப்பட்டால், அது எந்தச் சுரப்பியில் என்பதையும் அன்றைய தேதியையும் எலியின் உருவம் வரைந்த தாளில் குறித்துக்கொள்வார்கள். ஓரிரு மாதங்களிலேயே கட்டிகள் தோன்றத் தொடங்கிவிடும். பெரும்பாலும் எல்லா எலிகளுக்கும் வந்துவிடும். ஏறக்குறைய 200 கிராம் எடைகூட இல்லாத ஒரு விலங்குக்கு ஒரே வேளையில் 20 மில்லிகிராம் என்பது எவ்வளவு பெரிய அளவு என்பதை வாசகர் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டுரையில் இந்த எண் இல்லை.

1975-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த குல்லினோவும் அவர் குழுவினரும் எம்.என்.யு. என்னும் நைட்ரோசோ சேர்மத்தை ரத்தநாளத்தில் செலுத்தி அதே விளைவைப் பெற்றார்கள். டி.எம்.பி.ஏ. உடலுக்குள் சென்று நொதிகளால் மாற்றப்பட்ட பின்னரே டி.என்.ஏ.வைத் தாக்கும். எம்.என்.யு.வுக்கு அந்த இடைப்பணி தேவையில்லை, நேரடியாக டி.என்.ஏ.வில் ஒட்டிவிட்டு மிக விரைவில் சிதைந்து மறைந்துவிடும். இப்படித் தாக்கிய நேரம் துல்லியமாகத் தெரிந்திருப்பதால், கெட்டுப்போன மரபணுவையும் கெடுத்த பொருளையும் இணைத்துப் பார்க்க வசதியான ஒரு சாட்சி கிடைத்தது. 1983-இல் சரஸ்வதி சுகுமார், மரியானோ பார்பசிட் ஆகியோர் அடங்கிய குழு, எம்.என்.யு.வால் உண்டான எலிக் கட்டிகளில் ஹெச்-ராஸ் என்னும் வளர்ச்சிச் சமிக்ஞை மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. 1985-இல் ஹெல்மட் ஸார்பலும் அதே குழுவினரும் மேலும் பல கட்டிகளை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றில் அந்த மரபணுவின் 12-ஆவது குறியீட்டில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) குவானின் என்னும் எழுத்து இருந்த இடத்தில் அடினின் என்னும் எழுத்து வந்திருப்பதை உறுதிசெய்தார்கள்.

சமிக்ஞை என்று கட்டுரை திரும்பத் திரும்பச் சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்கும். செல்லின் வெளிப்பரப்பில் வளர்ச்சிக் காரணி வந்து ஏற்பியில் இணையும்போது, உட்புறத்தில் உள்ள ராஸ் புரதம் ஜி.டி.பி. மூலக்கூறைக் கைவிட்டு ஜி.டி.பி.யைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலாக உடைய இன்னொரு மூலக்கூறைப் பற்றிக்கொண்டு செயல்நிலைக்கு வருகிறது. அது ராஃப், மெக், எர்க் ஆகிய புரதங்கள் வழியே ‘பிரியலாம்’ என்ற செய்தியைச் செல்லின் உட்கருவுக்கு அனுப்புகிறது. பிறகு தானே அந்தக் கூடுதல் பாஸ்பேட்டை வெட்டிவிட்டு ஓய்வுக்குத் திரும்புகிறது. 12-ஆம் இடத்தில் கிளைசின் என்னும் சின்னஞ்சிறு அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் வந்து அமர்ந்தால், வெட்டும் வேலை நின்றுபோகிறது. அழுத்திய பொத்தான் மீளாமல் சிக்கிக்கொண்ட அழைப்புமணியைப்போல, வாசலில் யாரும் இல்லாதபோதும் உள்ளே மணி ஒலித்துக்கொண்டே இருக்கும்.

குவானின் அடினினாக மாறியதற்கும் காரணம் தெளிவாகவே இருந்தது. எம்.என்.யு. குவானினின் ஆறாவது இடத்திலுள்ள ஆக்ஸிஜனில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டுகிறது. அப்படி ஒட்டப்பட்ட குவானின் டி.என்.ஏ. நகலாகும்போது சைட்டோசினுடன் இணையாமல் தைமினுடன் இணைந்துவிடுகிறது. டி.எம்.பி.ஏ.வின் பழக்கமோ வேறு. அது அடினினின்மேல் பருமனான ஒரு சுமையை ஏற்றுவதால், அந்தக் கட்டிகளில் ஹெச்-ராஸ் கெட்டிருக்கும்போது பெரும்பாலும் 61-ஆவது குறியீட்டில் அடினின் தைமினாக மாறியிருக்கும், அதுவும் எம்.என்.யு. கட்டிகளைவிடக் குறைந்த விகிதத்திலேயே காணப்படும். ஆக, இரண்டு ரசாயனங்களே ஒரே மரபணுவில் இரண்டு வெவ்வேறு இடங்களில் தழும்பு விடுகின்றன. ‘ரசாயனம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதற்குக்கூட இடமில்லாதபோது, கதிர்வீச்சையும் அதே மூட்டையில் சேர்த்தது எப்படி?

இந்தக் கதையில் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு திருப்பம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. 1985-இல் ‘எம்.என்.யு. நேரடியாக ராஸ் மரபணுவை மாற்றுகிறது’ என்று எழுதிய அதே ஸார்பல், 1994-இல் வேறு இரு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அதே சடுதிமாற்றம் எந்த ரசாயனமும் தொடாத எலிகளின் பால்சுரப்பியிலும் மிகக் குறைந்த எண்ணிக்கையிலான செல்களில் ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டினார். அதாவது, அந்தக் கட்டிகளில் பல எம்.என்.யு. உருவாக்கிய சடுதிமாற்றத்திலிருந்து பிறந்தவை அல்ல. முன்பே மாறியிருந்து அடங்கிக் கிடந்த செல்களுக்கு எம்.என்.யு. வளர வழிவிட்டிருக்கிறது. மாறிய மரபணு கட்டியில் இருக்கிறது என்பது ஒரு செய்தி. கொடுத்த பொருள்தான் அதை மாற்றியது என்பது வேறொரு செய்தி. முதலாவதைக் கண்டுவிட்டு இரண்டாவதை அறிவிப்பது ஆய்வாளர்களுக்கே ஒன்பது ஆண்டுகள் நீடித்த சிக்கலாக இருந்திருக்கும்போது, அரைப்பக்கக் கட்டுரை இன்னும் கூடுதலான நிதானம் காட்டியிருக்கலாம்.

இனி கதிர்வீச்சு. எக்ஸ்-கதிரும் காமா கதிரும் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்தைத் தேடிச் சென்று மாற்றுவதில்லை. கடந்து செல்லும் பாதையில் இரு இழைகளையும் முறிக்கின்றன, துண்டுகள் தொலைந்துபோகவும் இடம் மாறி ஒட்டவும் செய்கின்றன. ஜப்பானின் சிபா நகரில் உள்ள தேசியக் கதிரியல் நிறுவனம் இந்தத் துறையில் நீண்டகாலமாக உழைத்துவருகிறது. கார்பன் போன்ற கன அயனிகளைக் கொண்டு புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கும் மையமாகவும் அது இருப்பதால், அந்தக் கதிர்களால் பின்னாளில் வேறு புற்றுநோய் வருமா என்ற கேள்வி அவர்களுக்கு அன்றாடக் கேள்வி. 2007-இல் இமாவோகாவும் அவருடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட ஆய்வில், கார்பன் அயனிக் கதிர் எலிகளில் மார்பகப் புற்றை உண்டாக்கும் திறன் மிகுந்தது என்று கண்டார்கள். ஆனால் அந்தக் கட்டிகளில் ஹெச்-ராஸ் மாற்றமும் இல்லை, புற்றுக்கட்டியை அடக்கிவைக்கும் டிபி53 மரபணுவில் மாற்றமும் இல்லை. 2010-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, கதிர்வீச்சால் உண்டான கட்டிகளிலும் தானாகத் தோன்றிய கட்டிகளிலும் மரபணுப் பகுதிகளின் எண்ணிக்கை கூடிக் குறைந்திருப்பதையும், செல் பிரிவதற்குக் கடிவாளம் போடும் பி16-ஆர்பி பாதை குலைந்திருப்பதையும் காட்டியது. ரசாயனக் கட்டியில் முடுக்கி சிக்கிக்கொண்டிருக்கிறது, கதிர்வீச்சுக் கட்டியில் தடை பழுதாகியிருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட ஆசையாக இருந்தாலும், உண்மை அவ்வளவு ஒழுங்கானதும் அல்ல. அதற்கு இரண்டு காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கெல்லி கிளிஃப்டன், மைக்கேல் கோல்ட் ஆகியோர் கதிர்பட்ட எலிப் பால்சுரப்பிச் செல்களை வேறு எலிகளுக்குள் பதியம் போட்டு ஆராய்ந்தபோது, புற்றுநோய்ப் பாதையில் அடியெடுத்து வைத்த செல்களின் விகிதம், ஏதோ ஒரு மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றத்தைக் கொண்டு விளக்க முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தது. எழுத்து மாறாமலேயே மரபணுக்களின் செயற்பாடு நெடுநாள் மாறிவிடும் வேறு வழிகள் உண்டு என்ற முடிவுக்கு 1995-இல் அவர்கள் வந்தார்கள். மற்றொன்று, கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேரி ஹெலன் பார்செலோஸ்-ஹாஃப் சுண்டெலிகளில் செய்த ஆய்வு: பால்சுரப்பியின் கொழுப்புத் திசுவை மட்டும் கதிருக்கு உட்படுத்திவிட்டு, கதிர் படாத மேற்புறச் செல்களை அதனுள் வைத்தபோது அந்தச் செல்களிலிருந்து கட்டிகள் கூடுதலாக வளர்ந்தன. கதிர் பட்ட திசுவில் விழித்தெழும் டி.ஜி.எஃப்-பீட்டா முதலான சமிக்ஞைப் புரதங்கள் பக்கத்துச் செல்லின் நடத்தையை மாற்றிவிடுகின்றன. எனவே கதிர்வீச்சைப் பொறுத்தவரை, ‘எந்த மரபணு கெட்டது’ என்ற கேள்வியோடு ‘சுற்றியுள்ள திசு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது’ என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும்.

அப்படியானால் இரு வகைக் கட்டிகளும் சந்திக்கும் இடமே கிடையாதா என்றால், உண்டு. அது கட்டுரை தேடிய இடத்தில் இல்லை. தொடக்கத் தழும்பு எதுவாயினும், வளர்வதற்கு இக்கட்டிகளுள் பெரும்பாலானவை ஹார்மோனை நம்பியிருக்கின்றன. சூலகத்தை முன்கூட்டியே அகற்றிவிட்டால் டி.எம்.பி.ஏ. கொடுத்த எலிகளில் கட்டிகள் தோன்றுவது வெகுவாகக் குறைகிறது. தோன்றிய கட்டிகளுள் பலவும் சுருங்குகின்றன. ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்த செல் ஆம்ஃபிரெகுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகளை வெளியிட்டு, எர்ப்-பி குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் வழியாகத் தன் பக்கத்துச் செல்லைத் தூண்டுகிறது; புரோஜெஸ்டிரோன் ராங்க்-லிகண்ட் என்ற புரதத்தின் வழியே அவ்வாறே செய்கிறது. இந்த எர்ப்-பி ஏற்பிகளின் உள்ளே தொடங்கும் பாதைகளில்தான் ராஸ் அமர்ந்திருக்கிறது. ரசாயனம் நடுவில் புகுந்து கெடுத்ததையும் கதிர்வீச்சு வேறு வழியாகக் கெடுத்ததையும் கீழ்நிலையில் ஒரே ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பது சூலகத்தின் ஹார்மோனே.

பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் இதே சித்திரம்தானா என்பது வாசகர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி. எலிக் கட்டிகளில் அவ்வளவு பேசப்பட்ட ஹெச்-ராஸ் மாற்றம் மனிதக் கட்டிகளில் அரிது. அங்கே அடிக்கடி மாறியிருப்பவை பிஐகே3சிஏ, டிபி53 ஆகிய மரபணுக்கள். 2012-இல் வெளியான பெரிய அளவிலான மரபணுத் தொகுப்பாய்வில் இவை ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கட்டிகளில் மாறியிருந்தன. பிஐகே3சிஏ, ராஸிலிருந்து பிரியும் மற்றொரு கிளைப் பாதையில் இருப்பது. அது மாறியிருக்கும் ஒருவகை நோயாளிகளுக்கென்றே அல்பெலிசிப் என்ற மாத்திரை 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாதை ஒன்றே, பழுதடைந்த இடம் வேறு.

இதற்கு இன்னும் அழுத்தமான சான்று நியூ மரபணுவின் வரலாறு. கருவுற்ற எலிகளுக்கு எதில்நைட்ரோசோயூரியா என்ற ரசாயனம் கொடுத்து, பிறந்த குட்டிகளின் நரம்புத் திசுவில் உண்டான கட்டிகளிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, ராபர்ட் வெயின்பெர்க்கின் மாசசூசெட்ஸ் ஆய்வகத்தில் ஆராய்ந்தார்கள். மும்பையிலிருந்து அங்கே சென்ற லட்சுமி சரண் பாதி என்ற ஆய்வாளரின் பங்கு அந்தத் தொடக்கப் பணியில் முக்கியமானது. நம் நாட்டு அறிவியல் பக்கங்களில் அவர் பெயர் அதிகம் வருவதில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். எர்ப்-பி குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பிக்கான மரபணு அது என்றும், செல்லின் சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில் வேலின் என்ற ஒரு அமினோ அமிலம் குளூட்டாமிக் அமிலமாக மாறியதே அதைக் கெடுத்தது என்றும் 1986-க்குள் தெளிவாயிற்று. மறு ஆண்டே, கலிபோர்னியாவின் டென்னிஸ் ஸ்லேமன் 189 பெண்களின் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, ஏறக்குறைய 30 சதவீதத்தில் அதே மரபணுவின் மனித வடிவமான ஹெர்-2 பெருகியிருப்பதைக் கண்டார். கவனிக்க வேண்டியது, மனிதக் கட்டிகளில் எலியில் கண்ட எழுத்து மாற்றம் இல்லை. மாறாத மரபணுவே பல நகல்களாகப் பெருகியிருந்தது. ‘எலியில் கண்ட அதே சடுதிமாற்றம் பெண்களில் இல்லை, ஆகவே பயனில்லை’ என்று அன்று யாராவது கோப்பை மூடியிருந்தால், அந்த ஏற்பியைத் தாக்கும், 1998-இல் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வந்திருக்காது. இன்று நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளில் ‘ஹெர்-2 பாசிட்டிவ்’ என்று எழுதித் தரப்படும் சீட்டின் பின்னால் ரசாயனம் கொடுக்கப்பட்ட அந்த எலிகள் இருக்கின்றன.

ஆக எலி ஆய்வு எதைச் சொல்லவல்லது என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது: எந்தப் பாதையைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்று அது சொல்லாது. அதைச் சொல்ல மனிதர்களிடமிருந்து கிடைத்த கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு நம்மிடம் துயரமான வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் தப்பியவர்கள் உள்ளிட்ட ஏறத்தாழ 1,20,000 பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மார்பகப் புற்றுநோய் கதிர் அளவுக்கு ஏற்ப நேர்விகிதத்தில் கூடியது. கூடிய ஆபத்து மிகுதியாக இருந்தது சிறுமியராகவோ இளம்பெண்களாகவோ கதிருக்கு உட்பட்டவர்களிடம். நடுவயதைக் கடந்த பின் உட்பட்டவர்களிடம் அது வெகுவாகக் குறைந்தது. காசநோய்ச் சிகிச்சைக்காக மீண்டும் மீண்டும் மார்பை ஃபுளோரோஸ்கோப் என்னும் எக்ஸ்-கதிர்க் கருவியில் பார்த்த கனடா, அமெரிக்கப் பெண்களிடமும் அதே போக்குத் தெரிந்தது.

எலிகளும் இதையே சொல்கின்றன. ஜோஸ் ருஸ்ஸோ, இர்மா ருஸ்ஸோ தம்பதியர் காட்டியபடி, பூப்படையும் பருவத்தில் எலியின் பால்நாளங்களின் நுனியில் வேகமாகப் பிரியும் செல்கள் நிறைந்த மொட்டுகள் இருக்கும். ரசாயனத்தின் தாக்குதல் அங்கேதான் பலிக்கும். ஒரு முறை முழுப் பேறுகாலம் கண்ட எலியில் அந்த மொட்டுகள் முதிர்ந்து வேறு வடிவம் பெற்றுவிடுவதால், பிறகு கொடுக்கும் டி.எம்.பி.ஏ. பெரும்பாலும் தோற்றுப்போகிறது. ஹக்கின்ஸ் தேர்ந்தெடுத்த 50 நாள் வயது இந்தப் பருவத்தில்தான் அமைகிறது. சிபா ஆய்வாளர்கள் 2011-இல், பூப்புக்கு முன் கதிர்பட்ட எலிகளின் கட்டிகளும் பின் கதிர்பட்டவற்றின் கட்டிகளும் ஹார்மோன் ஏற்பிகளிலும் எர்ப்-பி ஏற்பிகளைத் தூண்டும் புரதங்களிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் காட்டினார்கள். ஒரே கதிர், ஒரே இன எலி. வயது மாறினால் சமிக்ஞை மாறுகிறது.

எனவே இந்த ஆய்வுகளைப் படித்து உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவர்கள் யார் என்றால், சிறுவயதிலோ இளமையிலோ ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்காக மார்பில் கதிரியக்கச் சிகிச்சை பெற்று நலமடைந்த பெண்களே. அவர்களுக்குப் பொதுவாக 25 வயதிலிருந்தோ சிகிச்சை முடிந்து 8 ஆண்டுகளிலிருந்தோ, இவற்றுள் எது பின்னர் வருகிறதோ அப்போதிருந்து, ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. இவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஐம்பது வயதில் மேமோகிராமுக்குச் செல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் பெண்மணியை அது பயமுறுத்திவிட்டது.

அளவுக்கு வருகிறேன். எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஆய்வுகளில் உடல் முழுவதற்கும் 4 கிரே (திசு ஏற்கும் கதிர் அளவின் அலகு) வரை கொடுப்பது வழக்கம். ஒரு மார்பகத்துக்கு இரண்டு கோணங்களில் மேமோகிராம் எடுக்கும்போது சுரப்பித் திசுவுக்குச் சேரும் அளவு ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிகிரே. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, அதுவும் மார்பகத்துக்கு மட்டும். ஆயிரத்தில் ஒரு பங்கானாலும் ஆபத்து சுழியாகிவிடாது என்பதை நான் மறுக்கவில்லை. கதிரியல் துறையே அப்படிக் கருதித்தான் தேவையற்ற எக்ஸ்-கதிரைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் அந்தச் சிறிய ஆபத்தை, தொட்டுப் பார்த்தால் தெரியாத கட்டியை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பயனோடு சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும். சென்னைப் பெண்களிடையே மிகுதியாகப் பதிவாகும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய் என்று அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும்போது, இந்த நிறுவை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

கொடுக்கும் வேகமும் முக்கியம். மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் காமா கதிரை மெதுவாக, நாள் கணக்கில் கொடுத்தால் எலிகளில் புற்றுக்கட்டிகள் குறைவாகவே தோன்றுகின்றன என்று 2019-இல் வெளியான சிபா ஆய்வு காட்டியது. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், மோனசைட் மணலின் கதிரியக்கத்தில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்த ஆய்வில் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். அதேபோன்ற மோனசைட் கொண்ட நம் மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி அவ்வப்போது அச்சத்தோடு எழுதப்படுவதால் இதைச் சொல்கிறேன்.

எலியின் இனத்தையும் கட்டியின் வகையையும் பற்றிச் சிறு குறிப்பு. விஸ்டார்-ஃபர்த் எலிகள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. கோபன்ஹேகன் இன எலிகள் அதே ரசாயனத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஸ்ப்ரேக்-டாலிப் பெண் எலிகளுக்கு வயது ஏறினால் எதுவும் கொடுக்காமலேயே பால்சுரப்பிக் கட்டிகள் வரும்; அவற்றுள் பெரும்பாலானவை புற்றல்லாத நார்க்கட்டிகள். எனவே ‘இத்தனை எலிகளுக்குக் கட்டி வந்தது’ என்ற எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் கொடுக்காமல் வைத்திருந்த எலிகளின் எண்ணிக்கையும் புற்று எத்தனை என்ற பிரிவும் இல்லாமல் அச்சாகும்போது எந்தப் பொருளும் தராது. ரசாயனத்தால் உண்டாகும் எலிக் கட்டிகள் பிற உறுப்புகளுக்கு அரிதாகவே பரவுகின்றன. பெண்களின் உயிரைப் பறிப்பதோ பெரும்பாலும் அந்தப் பரவல்தான்.

எலி ஆய்வே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. மருந்தியலாளர் கிரெய்க் ஜோர்டன், டி.எம்.பி.ஏ. கொடுத்த எலிகளில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் தமாக்சிஃபன் என்னும் மருந்து கட்டி தோன்றுவதையே தடுக்கிறது என்று 1976-இல் வெளியிட்டார். 13,388 பெண்கள் பங்கேற்ற அமெரிக்கச் சோதனையில், ஆபத்து மிகுந்தவர்களிடம் பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றை அதே மருந்து 49 சதவீதம் குறைத்தது என்ற முடிவு 1998-இல் வந்தது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் சற்றுக் கூடும் என்ற எதிர்ப்பக்கமும் அதே சோதனையில் தெரிந்தது. எலியில் தொடங்கிய ஒரு கருத்து பெண்களிடம் சோதிக்கப்பட்டு, பயனும் பாதகமும் எண்ணாக வெளிவர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. எலிக் கூண்டிலிருந்து நேரே வாசகரின் மருந்துச்சீட்டுக்கு வந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். விலங்காய்வு பற்றிய செய்தி எதை வெளியிட்டாலும், அந்த விலங்கின் இனம், வயது, கொடுத்த பொருளின் அளவு, கொடுத்த வழி ஆகியவற்றையும் எதுவும் கொடுக்கப்படாத விலங்குகளில் கண்டதையும் கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தியாகச் சேர்க்குமாறு மருத்துவப் பக்கத்தைத் தயாரிக்கும் துணையாசிரியர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். மற்றது, மேமோகிராமைப் பற்றி அந்தக் கட்டுரையில் இடம்பெற்ற கருத்து அடிப்படை ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டது அல்ல என்ற விளக்கத்தை, கட்டுரை வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். கதிரியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் யார் எப்போது பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்ற விவரத்தையும் அதனுடன் இணைத்தால், என் தெருவில் பரிசோதனையைத் தள்ளிப்போட்ட இருவரிடமும் அந்தப் பக்கத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.